பைக் பெட்டரி வீட்டிலேயே சார்ஜ் போடலாமா? யூ.எஸ்.பி. சொக்கெட் வயரிங் எப்படி?

பனிமேடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 150 சி.சி. பைக், கார்புரேட்டர், செல்ஃப் ஸ்டார்ட்டும் கிக்கரும் இருக்கு. பெட்டரி 12 வோல்ட் 9 ஏ.எச். (அம்பியர் மணித்தியாலம், பெட்டரி பிடிக்கிற அளவு), மேல ஆறு மூடி உள்ள, தண்ணி ஊத்துற வகை. ஓடுறது பெரும்பாலும் தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா. இடைக்கிடை அட்டன் பக்கம். வார நாள்ல வண்டி அதிகமா நிக்கும்.

காலையில செல்ஃப் அமத்தினா டக் டக்னு சத்தம் மட்டும். கிக்கர்ல எடுத்து கொஞ்ச தூரம் ஓடினா அதுக்குப் பிறகு செல்ஃப் சரியா வேலை செய்யுது. கராஜ்ல பெட்டரியை மாத்தச் சொல்றாங்க. ஹேண்டில்ல ரெண்டு யூ.எஸ்.பி. ஓட்டையும் வோல்ட் காட்டுற சிவப்பு டிஸ்ப்ளேயும் உள்ள ஒரு சொக்கெட் போட்டிருக்கேன். இப்போதைக்கு வயர் நேரா பெட்டரிக்குப் போகுது, நடுவுல ஒண்ணுமில்ல.

தெரிஞ்சுக்க வேண்டியது:
வீட்டுல சார்ஜ் போடுறது எப்படி, எத்தனை அம்பியர், எவ்வளவு நேரம்?
சொக்கெட்டுக்குச் சரியான வயரிங் என்ன, ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டை ஒன், ஓஃப் பண்ற சுவிட்ச்) கட்டாயம் வேணுமா?
டயருக்குக் காத்தடிக்கிற சின்னப் பம்ப் ஒண்ணையும் இதுலயே குடுக்கலாமா?

---

அம்பியர் எழுதியது:

புதுப் பெட்டரி வாங்க முந்தி மல்டிமீட்டரை எடுங்க. 20 வோல்ட் டி.சி. ரேஞ்சுல வச்சு, சிவப்பு முனையை பெட்டரி பிளஸ்லயும் கறுப்பை மைனஸ்லயும் பிடிச்சு நாலு நேரத்துல அளந்து எழுதிப் போடுங்க.

முதலாவது, ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில சாவி போடாம. 12.6க்கு மேல இருந்தா நிறைஞ்ச பெட்டரி. 12.4ன்னா முக்கால்வாசி, 12.2ன்னா பாதி, 12.0ன்னா கால்வாசிதான் மிச்சம். ஓடி நிப்பாட்டின உடனே அளக்காதீங்க. அப்போ தட்டுகளோட மேல்பரப்புல மட்டும் ஏறியிருக்கிற சார்ஜ் 13க்குக் கிட்ட காட்டி ஏமாத்தும்.

ரெண்டாவது, செல்ஃபை அமத்திப் பிடிக்கிற நேரம். 10க்கு மேல நின்னா நல்லது. 9.5க்குக் கீழ விழுந்தா ஒண்ணு பெட்டரியில சார்ஜ் இல்ல, இல்லாட்டி பெட்டரியே கெட்டுப்போச்சு. எதுன்னு முழு சார்ஜ் போட்டு அளந்தாத்தான் தெரியும். கராஜ்காரர் சொல்றது சரியாவும் இருக்கலாம், ஆனா பாதி சார்ஜ்ல உள்ள பெட்டரியை வச்சு அதை முடிவு பண்ண ஏலாது.

மூணாவது, எஞ்சின் ஸ்லோவுல, ஹெட்லைட் போட்டு. நாலாவது, அதே ஹெட்லைட்டோட சுமார் 4000 ஆர்.பி.எம்.ல. இதுல 13.5ல இருந்து 14.5 வரைக்கும் வரணும். 15 தாண்டினா வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு, அது பெட்டரித் தண்ணியைக் கொதிக்க வச்சுக் காய வைக்கும். 13கூட வரலைன்னா எஞ்சின்ல கரண்ட் உண்டாக்குற ஸ்டேட்டர் கொயில், ரெகுலேட்டர், இல்ல அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வயர் பிளக். அந்தப் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. அதுல கறுத்து உருகின முனை ஒண்ணு இருந்தா குற்றவாளி அதுதான், பெட்டரி இல்ல.

இனி சார்ஜ் போடுறது. பெட்டரியோட ஏ.எச்.ல பத்துல ஒரு பங்குதான் கணக்கு. 9 ஏ.எச்.க்கு 0.9 அம்பியர். பெட்டரி ஸ்டிக்கர்லயே பெரும்பாலும் அச்சடிச்சிருக்கும், பாருங்க. கடையில குடுத்து சார்ஜ் போடுறவங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பல இடத்துல கார், வேன் பெட்டரிகளை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையில இணைச்சு ஒரே சார்ஜர்ல போடுவாங்க. வரிசையில இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே அளவு அம்பியர்தான் ஓடும். கார் பெட்டரிக்கு 5 அம்பியர் சாதாரணம். அதே 5 அம்பியர் உங்க 9 ஏ.எச்.க்குள்ள ராத்திரி பூரா ஓடினா தட்டு வளைஞ்சு, அதுல பூசியிருக்கிற பசை உதிர்ந்து அடியில படியும். மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனா பெட்டரியோட ஆயுசு பாதி போயிருக்கும். கடைக்குக் குடுத்தா "தனியா, ஒரு அம்பியருக்குக் கீழ"ன்னு சொல்லிக் குடுங்க.

வீட்டுலன்னா 1 அம்பியர் ஓட்டோமெட்டிக் சார்ஜர் ஒண்ணு போதும். பைக் மோட், கார் மோட்னு இருந்தா பைக் மோட்.

பெட்டரியைக் கழட்டும்போது மைனஸ் முதல்ல, பிளஸ் பிறகு. பூட்டும்போது பிளஸ் முதல்ல. ஏன்னா மைனஸ் பூட்டியிருக்கிற நேரம் பிளஸ் நட்டைத் திருப்புற ஸ்பேனர் சேசிஸ்ல பட்டா நேரடி ஷோர்ட். ஸ்பேனர் சிவந்துபோற அளவுக்குக் கரண்ட் பாயும்.

குசினியில வைக்காதீங்க. சார்ஜ் முடியுற கட்டத்துல ஹைட்ரஜன் வாயு வரும், காத்துல நூத்துக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில வெடிக்கும். காம்பராவுக்குள்ள அடுப்பு எரியுற நேரம் பக்கத்துல பெட்டரி கொதிக்கக்கூடாது. இஸ்தோப்புல, மழை படாத மூலையில, ஒரு பலகை மேல வைங்க. பிள்ளைகள் கை எட்டாத இடமாப் பாருங்க.

ஆறு மூடியையும் தளர்த்துங்க. தட்டுக்கு மேல தண்ணி இல்லைன்னா தட்டு மூடுற அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வோட்டர் ஊத்துங்க. மேல்கோடு வரைக்கும் இப்பவே ஊத்தினா சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். மிச்சத்தை சார்ஜ் முடிஞ்ச பிறகு ஊத்துங்க. அசிட் ஊத்தவே வேணாம், ஆவியாகிப் போனது தண்ணி மட்டும்தான்.

முதல்ல கிளிப் ரெண்டையும் பெட்டரியில மாட்டி, அதுக்குப் பிறகு சுவர்ல பிளக் சுவிட்சைப் போடுங்க. கழட்டும்போது சுவிட்ச் முதல்ல. பொறி பறக்கிறது எப்பவும் கிளிப் மாட்டுற, கழட்டுற இடத்துலதான், வாயுவும் அங்கேதான் நிக்குது.

நேரக் கணக்கு: பாதி இறங்கின 9 ஏ.எச். பெட்டரிக்குத் தேவை 4.5 ஏ.எச். போற கரண்ட்ல ஒரு பங்கு வீணாகிறதால அதை 1.3 ஆல பெருக்கி 0.9 ஆல பிரிங்க. ஆறரை மணித்தியாலம் வரும். முடிஞ்சதுக்கு அடையாளம், ஆறு குழியிலயும் ஒரே மாதிரி குமிழ் வரும், வோல்ட் மேல ஏறாம ஒரே இடத்துல நிக்கும். ஹைட்ரோமீட்டர் (அசிட்டோட அடர்த்தி அளக்கிற கருவி) இருந்தா ஒவ்வொரு குழியையும் அளங்க. 1.260ல இருந்து 1.280 வந்தா நிறைஞ்சது. ஒரு குழி மட்டும் மத்ததை விட 0.050 குறைவா நின்னா அந்த செல் சாகப்போகுது. அப்போ கராஜ்காரர் சொன்னதுதான் சரி, மாத்துங்க. நடுவுல பெட்டரி உடம்பு கை வைக்க ஏலாத சூடு ஏறினா உடனே நிப்பாட்டுங்க.

நம்ம பக்கம் கரண்ட் கட் ஒரு தொல்லை. கரண்ட் திரும்ப வந்ததும் சில சார்ஜர் தானா தொடராது, ஸ்டேண்ட்பையில நிக்கும். ராத்திரி போட்டுட்டுக் காலையில கழட்டுறவங்க சார்ஜர் லைட்டை மட்டும் பார்த்து நம்பாம மீட்டர்லயும் பாருங்க.

---

ஊவா ரைடர் எழுதியது:

அம்பியர் அண்ணே சொன்னதோட குளிரைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்க வேணும்.

சார்ஜர்ல எழுதியிருக்கிற 14.4 வோல்ட் 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. ஒரு பாகை குறைய, 12 வோல்ட் பெட்டரிக்கு சுமார் 0.02 வோல்ட் கூடத் தேவைப்படும். நுவரெலியாவுல தை மாசத்து ராத்திரி 10 பாகைக்கும் கீழே இறங்கும். 15 பாகை வித்தியாசம்னு வச்சாலே 0.3 வோல்ட், அதாவது 14.7 வரை வேணும். சாதா சார்ஜர் 14.4லயே நிறைஞ்சிட்டதுன்னு நிப்பாட்டிடும், பெட்டரியில குறை இருக்கும். இதுக்கு விசேஷ சார்ஜர் வாங்கத் தேவையில்லை. பகல்ல வெயில் ஏறின பிறகு சார்ஜ் போடுங்க. ராத்திரிதான் வசதின்னா பெட்டரியை முதல்ல ரெண்டு மூணு மணித்தியாலம் உள்ளே வச்சு, குளிர் விட்ட பிறகு தொடங்குங்க.

அதே குளிர்ல பெட்டரி குடுக்கக்கூடிய அளவும் பத்து, பதினஞ்சு வீதம் குறையும். எஞ்சின் ஒயிலும் தடிச்சிருக்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் கூட இழுக்கும். கொழும்புல இன்னும் ஒரு வருஷம் ஓடக்கூடிய பெட்டரி நானுஓயாவுல காலையில டக் டக்னு அடிக்கிறதுக்கு இதுவும் காரணம். ஒயிலோட தடிப்பு நம்பரை வண்டியோட புத்தகத்துல சொன்னபடி போடுங்க, அதைவிடத் தடிப்பானது இங்கே வேணாம்.

டிஸ்டில்ட் வோட்டர் பற்றி. பீலித் தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் பெட்டரிக்கு ஆகாது, மண்ணுல ஊறி வர்ற உப்பு அதுல கரைஞ்சிருக்கும். மழைத் தண்ணி சுத்தம்னு சொல்லுவாங்க, ஆனா தகரக் கூரையில வழிஞ்சு வந்தா இரும்பும் நாகமும் சேர்ந்துதான் வாளிக்குள்ள விழுது. இரும்பு கலந்த பெட்டரி சும்மா வச்சாலே தானா இறங்கும். ஒரு போத்தல் டிஸ்டில்ட் வோட்டர் பைக் பெட்டரிக்கு மாசக்கணக்குல வரும். அதுல மிச்சம் பிடிக்க வேணாம்.

இன்னொண்ணு, எல்லா ரைடர்மாருக்கும். நானுஓயா இறக்கத்துல, றம்பொடையில பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை ஓஃப் பண்ணி நியூட்ரல்ல விடுற பழக்கம் இருக்கு. சாவி ஒன்ல இருக்கும், ஹெட்லைட், டெயில் லைட், பிரேக் லைட் எல்லாம் பெட்டரியில எரியும், சார்ஜ் ஒரு சொட்டு ஏறாது. பெட்டரியை விடுங்க, எஞ்சின் பிரேக் இல்லாம அந்த வளைவுகள்ல இறங்குறதே உயிருக்கு ஆபத்து. தயவு செஞ்சு கியர்லயே இறங்குங்க. ஆர்.பி.எம். ஏறியிருக்கும், பெட்டரிக்கும் சார்ஜ் வரும்.

---

பனிமேடு எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. அளந்தது இது:

காலையில சாவி போடாம 12.21. செல்ஃப் அமத்தும்போது 9.1. ஸ்லோவுல ஹெட்லைட்டோட 12.6. 4000ல ஹெட்லைட்டோட 14.1. எஞ்சின் ஸ்டார்ட் இல்லாம சாவி மட்டும் போட்டாலும் ஹெட்லைட் எரியுது.

0.9 அம்பியர்ல சார்ஜ் போட்டு, ராத்திரி வச்சு அளந்தா 12.68. செல்ஃப்ல 10.4. ஆறு குழியும் 1.260 சுற்றித்தான் காட்டுது.

---

அம்பியர் எழுதியது:

அப்போ பெட்டரி நல்லாத்தான் இருக்கு. மாத்த வேணாம். 4000ல 14.1 வர்றதால ரெகுலேட்டரும் ஸ்டேட்டரும் சரி. எங்கேயோ இறங்குது, இல்லாட்டி ஏறுறது போதலை. உங்க நம்பர்ல ரெண்டுமே தெரியுது.

ஸ்லோவுல 12.6. எஞ்சின் ஓடும்போது 12.8க்குக் கீழ காட்டினா பெட்டரி குடுத்துக்கிட்டு இருக்கு, 13.2க்கு மேல காட்டினா வாங்கிக்கிட்டு இருக்கு. உங்க ஹெட்லைட் டி.சி., பெட்டரியில இருந்து எரியுது. 35 வாட்ஸ் பல்புன்னா 2.8 அம்பியர். பனி மூட்டத்துல நானுஓயா ஏத்தத்துல வாகன வரிசைக்குப் பின்னால, ஆர்.பி.எம். இல்லாம ஊர்ந்து போற நேரம் முழுக்க நீங்க சார்ஜ் பண்ணல, செலவழிக்கிறீங்க. அதுல போனையும் குத்தினா இன்னும் கூட. யூ.எஸ்.பி. ரெண்டு ஓட்டையும் சேர்த்து 5 வோல்ட்ல 4.2 அம்பியர்னு போட்டிருந்தா 21 வாட்ஸ். மாத்துறதுல போற நட்டத்தோட 25 வாட்ஸ்னு வைங்க, பெட்டரி பக்கம் 2 அம்பியர்.

செல்ஃப் அமத்துறதால பெட்டரி காலியாகுதுன்னு நினைக்கிறவங்க கணக்குப் பாருங்க. 60 அம்பியர் 4 செக்கன் இழுத்தாலும் 0.07 ஏ.எச்.கூட இல்ல. மூடுபனிக்குள்ள ஹெட்லைட், போன் ரெண்டும் போட்டு அரை மணித்தியாலம் ஊர்றதுல அதைவிடப் பல மடங்கு போகும். ஏத்தத்துல ஒரு கியர் குறைச்சு ஆர்.பி.எம்.மை 3000க்கு மேல வச்சிருங்க. எஞ்சினுக்கும் அதுதான் நல்லது.

அடுத்தது நிக்கிற நேரம். சாவி ஓஃப் பண்ணிட்டு மைனஸ் வயரைக் கழட்டி, மீட்டரை 10 அம்பியர் ஓட்டைக்கு மாத்தி, அந்த வயருக்கும் மைனஸ் டேர்மினலுக்கும் நடுவுல வைங்க. கழட்டினது பிளஸ் இல்ல, மைனஸ். மீட்டர் அப்படி இருக்கிற நேரம் சாவியைத் தொடாதீங்க, செல்ஃப் பட்டன் பட்டா மீட்டர் பியூஸ் போயிரும். ரீடிங் ரொம்பச் சின்னதுன்னா மில்லி அம்பியர் ரேஞ்சுக்கு மாறுங்க. பிறகு சொக்கெட் வயரைக் கழட்டிட்டு இன்னொரு தரம் அளங்க.

---

பனிமேடு எழுதியது:

சொக்கெட் இருக்கும்போது 18 மில்லி அம்பியர். கழட்டினா 1 மில்லி அம்பியர்.

---

அம்பியர் எழுதியது:

அதுதான். அந்தச் சிவப்பு டிஸ்ப்ளேயும், போன் இல்லாட்டியும் உள்ளே வேலை செய்ற யூ.எஸ்.பி. சேர்க்கிட்டும் சேர்ந்து 17 மில்லி அம்பியர். ஒரு நாளைக்கு 0.4 ஏ.எச். ஒரு கிழமை வண்டி நின்னா 2.9 ஏ.எச்., 9 ஏ.எச். பெட்டரியில மூணுல ஒண்ணு சும்மா போச்சு. இப்படிப் பாதி சார்ஜ்லயே கிடக்கிற பெட்டரியோட தட்டுல ஈய சல்ஃபேட் இறுகிப்போகும், பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. உங்க பெட்டரி இன்னும் அந்த நிலைக்குப் போகல. வயரிங்கை சீக்கிரம் மாத்துங்க. அதுவரைக்கும் சொக்கெட் வயரைக் கழட்டியே வைங்க, நடுவுல பியூஸ்கூட இல்லாம இருக்கு.

---

பதுளை வயரிங் எழுதியது:

வயரிங் பகுதிக்கு நான் எழுதுறேன்.

வாங்க வேண்டியது: 1 சதுர மில்லிமீற்றர் ஓட்டோ வயர் சிவப்பு 2 மீற்றர், கறுப்பு 2 மீற்றர், மெல்லிசா வேற நிறத்துல ஒரு மீற்றர். தண்ணி புகாத மூடியுள்ள பிளேட் பியூஸ் ஹோல்டர் ரெண்டு. 5 அம்பியர் பியூஸ் ரெண்டு, 1 அம்பியர் பியூஸ் ரெண்டு, ஒவ்வொண்ணும் ஒண்ணு கைவசம் வைக்க. 12 வோல்ட் 30 அம்பியர் நாலு பின் ரிலே, அதோட பேஸும் சேர்த்து. பெட்டரி நட்டுக்குப் பொருந்துற வளைய லக் (வயர் முனையில அழுத்திப் பூட்டுற உலோகத் துண்டு) ரெண்டு, ஸ்பேட் லக் கொஞ்சம், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், கேபிள் டை.

வீட்டு வயரிங்ல மிஞ்சின 1/1.13 வயரை எடுக்காதீங்க. அது ஒற்றைக் கம்பி. அளவு போதும், ஆனா ஹேண்டில் திரும்பித் திரும்பி, எஞ்சின் அதிர்வுல உள்ளே முறிஞ்சிரும், வெளியில ஒண்ணும் தெரியாது. பல இழை உள்ள ஓட்டோ வயர்தான் வேணும். 1 சதுர மி.மீ. போதுமான்னு கேட்பீங்க. பெட்டரியில இருந்து ஹேண்டிலுக்குப் போக வர மூணு மீற்றர், 2 அம்பியர் போனா 0.1 வோல்ட்தான் குறையும். தாராளம்.

பியூஸ் இருக்க வேண்டிய இடம் பெட்டரி பிளஸ்ல இருந்து 15 சென்ரிமீற்றருக்குள்ள. பியூஸ் காப்பாத்துறது போனையில்ல, வயரை. டேங்க் அடியில வயர் உரசித் தோல் போய் சேசிஸ்ல பட்டா, பட்ட இடத்துக்கும் பெட்டரிக்கும் நடுவுல பியூஸ் இருந்தாத்தான் வெட்டும். சொக்கெட் பக்கத்துல பியூஸ் வச்சா டேங்க் அடியில வயர் தீப்பிடிக்கும்போது அது சும்மா பார்த்துக்கிட்டு இருக்கும். மேல இருக்கிறது பெற்றோல்.

ரிலேயில நம்பர் அச்சடிச்சிருக்கும். 30க்கு பெட்டரி பிளஸ்ல இருந்து 5 அம்பியர் பியூஸ் வழியா வர்ற சிவப்பு. 87ல இருந்து சொக்கெட் பிளஸ். 85 பெட்டரி மைனஸுக்கு. 86க்கு, சாவி போட்டா மட்டும் 12 வோல்ட் வர்ற வயர் ஒண்ணுல இருந்து 1 அம்பியர் பியூஸ் வழியா மெல்லிய வயர். சொக்கெட்டோட கறுப்பை சேசிஸ் போல்ட்ல கட்டாம நேரா பெட்டரி மைனஸுக்கே கொண்டு போங்க. பெயின்டுக்கு மேல பூட்டின எர்த் நம்ம மழையில சீக்கிரம் துருப்பிடிக்கும்.

86க்கு வயர் எங்கேயிருந்து எடுக்கிறது? பின் பிரேக் பெடல் சுவிட்ச்தான் லேசான இடம். அதுல ரெண்டு வயர் வரும். மீட்டர் கறுப்பு முனையை பெட்டரி மைனஸ்ல வச்சுட்டு ஒவ்வொண்ணா அளங்க. சாவி போட்டா 12, ஓஃப் பண்ணினா பூச்சியம், பெடலை மிதிச்சாலும் விட்டாலும் 12ல மாறாம நிக்கிறது எதுவோ அதுதான். மத்தது பெடல் மிதிச்சா மட்டும் வரும், அதுல எடுத்தா பிரேக் பிடிக்கும்போது மட்டும் போன் சார்ஜ் ஆகும். ரிலேயோட கொயில் 0.15 அம்பியர்தான் இழுக்கும், பிரேக் லைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஒரே கம்பெனியிலகூட மொடலுக்கு மொடல் மாறும்.

தொடவே கூடாத வயர்கள்: சி.டி.ஐ. யூனிட்டுக்கு (எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற பெட்டி) போறது, இக்னிஷன் கொயிலுக்குப் போறது, கார்புரேட்டர் இல்லாத எஃப்.ஐ. வண்டின்னா ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) சம்பந்தப்பட்ட எதுவும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனாத்தான் ஹெட்லைட் எரியும்னா, பல பழைய மொடல்கள்ல அந்த ஹெட்லைட் ஏ.சி.யில ஓடுது. அதுல சொக்கெட் குடுத்தா எரிஞ்சு போகும். உங்க வண்டி அப்படியில்ல, ஆனா இதை வாசிக்கிற வேற யாராவது கவனிங்க.

மூட்டுப் போடுற விதம் முக்கியம். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துறது இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. பசை கரைஞ்சு, உள்ளே செம்பு பச்சை பிடிக்கும். வயரை வெட்டாம ஒட்ட வைக்கிற நீலக் கிளிப்பும் அப்படித்தான், அதோட கத்தி இழைகளை வெட்டிட்டு அந்த வழியா ஈரத்தை விடும். லக்கை அதுக்குரிய குறட்டால அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்க. டேர்மினல்களுக்கு வெசலின் தடவினா போதும், பூட்டின பிறகு தடவுங்க.

வயரை டேங்க் அடியில வண்டியோட சொந்த வயர்கட்டு போற வழியிலயே கொண்டு போங்க. சிலிண்டர் தலைக்கும் சைலன்சருக்கும் கிட்ட விடாதீங்க. கேபிள் டை இறுக்க முந்தி ஹேண்டிலை இடம் வலம் முழுக்கத் திருப்பிப் பாருங்க. இழுபடக்கூடாது, எக்ஸலேட்டர் கேபிளோட சிக்கக்கூடாது. சொக்கெட்டுக்குள்ள நுழையுற இடத்துல வயரை ஒரு வளைவு கீழே தொங்க விட்டு மேலே ஏத்துங்க. வயர் வழியா ஓடி வர்ற மழைத்தண்ணி அந்த வளைவுல சொட்டிரும், சொக்கெட்டுக்குள்ள ஏறாது. சொக்கெட் வாய் மேல பார்க்காம சரிவா இருக்கட்டும், ரப்பர் மூடி எப்பவும் மூடியிருக்கட்டும். ஈரமான ஓட்டையில போன் வயரைக் குத்தினா சொக்கெட்டோட பின் மட்டுமில்ல, போனோட பின்னும் அரிச்சுப் போகும்.

பியூஸ் போட முந்தி கடைசியா ஒரு சோதனை. மீட்டரை ஓம்ஸ்ல வச்சு சொக்கெட் பிளஸ் வயருக்கும் மைனஸுக்கும் அளங்க. பூச்சியத்துக்குக் கிட்ட காட்டினா எங்கேயோ ஷோர்ட். சரியா இருந்தா பியூஸைப் போட்டு சாவி ஒன், டிஸ்ப்ளே வரணும். ஓஃப், அணையணும். பிறகு அம்பியர் அண்ணே சொன்ன மில்லி அம்பியர் சோதனையைத் திரும்பச் செய்யுங்க. பழைய 1 மில்லி அம்பியர்தான் வரணும்.

---

ஊவா ரைடர் எழுதியது:

வெறும் யூ.எஸ்.பி.க்கு ரிலே கட்டாயமில்லைன்னு நினைக்கிறேன். 2 அம்பியர்தானே, சாவி வயர்ல இருந்து நேரா எடுத்து 3 அம்பியர் பியூஸ் போட்டாலும் ஓடும். மூட்டு குறைஞ்சா பழுதும் குறையும்.

---

பதுளை வயரிங் எழுதியது:

புது வண்டியில ஓடும், நீங்க சொல்றது சரி. ஆனா அந்த வயர் சாவி சுவிட்ச் வழியாத்தான் வருது. வருஷக்கணக்கா மழையில நனைஞ்ச சுவிட்சோட தொடுமுனையில ஏற்கெனவே அரை வோல்ட் வரை விழும். இன்னும் 2 அம்பியரை அது வழியா இழுத்தா கூட விழும், சூடாகும், கடைசியில ஓட்டத்துலயே எஞ்சின் நிக்கலாம். சோதிச்சுப் பார்க்க: சாவி போட்டு ஹெட்லைட் எரியும்போது பெட்டரி பிளஸ்ல ஒரு முனை, பிரேக் சுவிட்சுக்கு வர்ற வயர்ல மறு முனை. 0.3க்குக் கீழன்னா ரிலே இல்லாமலே குடுங்க. அதுக்கு மேலன்னா ரிலேயோட போங்க, சுவிட்சையும் கழட்டித் துப்புரவு பண்ணுங்க.

---

பனிமேடு எழுதியது:

0.6 காட்டுது. ரிலேயோடயே போறேன். காத்துப் பம்ப் பற்றி? அதோட பெட்டியில 12 வோல்ட் 10 அம்பியர்னு போட்டிருக்கு.

---

பதுளை வயரிங் எழுதியது:

இந்தச் சொக்கெட்ல குடுக்காதீங்க. 5 அம்பியர் பியூஸ் உடனே போகும். அதுக்காகப் பெரிய பியூஸ் போட்டா வயர்தான் பியூஸா மாறும்.

பம்புக்குத் தனி வழி. 2.5 சதுர மி.மீ. வயர் அரை மீற்றர், 15 அம்பியர் பியூஸ், முனையில மூடியுள்ள ரெண்டு பின் கனெக்டர். பெட்டரியில நேரா பூட்டி, பக்கக் கவருக்குள்ளயே சுருட்டி வைங்க. ரிலே தேவையில்ல, பம்ப் மாட்டாத நேரம் அதுல ஒண்ணும் இழுக்காது. கனெக்டர்ல பெட்டரி பக்கம் இருக்கிறது உள்ளடங்கின பெண் முனையா இருக்கணும், இல்லாட்டி மூடி கழண்டா சேசிஸ்ல பட்டு ஷோர்ட் ஆகும்.

பாவிக்கும்போது எஞ்சின் ஓடட்டும், ஆர்.பி.எம். கொஞ்சம் கூட்டி. 10 அம்பியரை ஸ்டேட்டர் முழுசாத் தராது, மிச்சத்தைப் பெட்டரிதான் குடுக்கும். பத்து நிமிஷத்துக்கு முழுக்கப் பெட்டரியே குடுத்தாலும் 1.7 ஏ.எச்., தாங்கும். அதுக்கு மேல தொடர்ந்து ஓட்டினா பம்பும் சூடாகும், நடுவுல ஆற விடுங்க.

---

அம்பியர் எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. பெட்டரி இறங்கி வழியில நின்னா ஃபேக்டரி லொறியில இருந்து ஜம்ப் எடுக்காதீங்க. பெரிய லொறி, பஸ் பலது 24 வோல்ட். காரோ ஓட்டோவோ 12 வோல்ட்னா எடுக்கலாம், ஆனா அந்த வண்டியோட எஞ்சின் ஓஃப்ல இருக்கணும். பெட்டரியைக் கழட்டிட்டு கிக்கர்ல ஸ்டார்ட் பண்ணி ஓட்டவும் வேணாம். ரெகுலேட்டர்ல இருந்து வர்ற வோல்ட்டைத் தாங்கிச் சமப்படுத்துறது பெட்டரிதான். அது இல்லாட்டி வோல்ட் துள்ளி பல்பு, சி.டி.ஐ., நீங்க புதுசாப் போட்ட சொக்கெட் எல்லாம் ஒரே தடவையில போகும்.